இன், ஒன், அற்: கேளுங்கோ, தெரிஞ்சதைச் சொல்லுறன்

கன வருசமா ஓஎல் (பதினோராம் வகுப்புச் சாதாரண தரச் சோதினை) பிள்ளையளுக்கு இங்கிலிஷ் படிப்பிக்கிறன், கொப்பி திருத்தேக்க சிவப்புப் பேனை கூட ஓடுறது இந்தச் சின்னச் சொல்லுகளிலதான். ஒவ்வொருத்தரா கேளுங்கோ.

சாவகச்சேரித் தம்பி: ரீச்சர், மூண்டுக்கும் தமிழில 'ல' தானே வருது, எப்பிடிப் பிரிக்கிறது?

அங்கதான் தம்பி சிக்கலே. பெட்டியில, சுவரில, சந்தியில எண்டு ஒரே 'ல'வை ஒட்டிப்போட்டு நாங்கள் போயிடுவம், உள்ளுக்கவோ மேலயோ எண்டு கேக்கிற ஆள் தானா விளங்கிக்கொள்ளும். இங்கிலிஷ்காரன் அதைச் சொல்லாமல் விடான். ஒண்டுக்குள்ள அடங்கியிருந்தால் இன், ஒரு பரப்பில பட்டுக்கொண்டிருந்தால் ஒன், உள்ள வெளிய எண்ட கதையே வேண்டாம், இந்த இடம் எண்டு விரலால காட்டினால் காணும் எண்டால் அற். 'அற் த ஸ்ரேசன்' எண்டால் வாசலிலயும் நிக்கலாம், மேடையிலயும் நிக்கலாம். 'இன் த ஸ்ரேசன்' எண்டால் கட்டடத்துக்குள்ளதான். மழைக்குள்ள குடையோட கூட்டிப்போக வாற அப்பாவுக்கு இது சின்ன வித்தியாசமில்லை கண்டியோ.

மானிப்பாய்த் தங்கச்சி: நேரத்துக்கும் இதே மாதிரியோ?

ஓமோம். 1990ல நிண்டுபோன யாழ்தேவி ரெயின் திரும்ப யாழ்ப்பாணம் வந்தது 'இன் 2014', மாசம் மட்டும் சொன்னால் 'இன் ஒக்ரோபர்', திகதியைச் சேர்த்த உடன 'ஒன் 13 ஒக்ரோபர்', மணிக்கூட்டு நேரத்துக்கு அற். 'இன் த மோர்னிங்' சரி, ஆனா கிழமை முன்னால வந்தால் 'ஒன் மண்டே மோர்னிங்'. இரவுக்கு ஏன் 'அற் நைற்' எண்டு கேக்காதேங்கோ, பாடமாக்குங்கோ.

அச்சுவேலி அக்கா: காருக்கு இன், பஸ்ஸுக்கு ஒன். பஸ்ஸுக்குள்ளதானே இருக்கிறம்?

நல்ல கேள்வி அக்கா. எழும்பி நடக்கக்கூடிய வாகனம் எண்டால் ஒன்: பஸ், ரெயின், பிளேன். குனிஞ்சு ஏறி இருந்த இடத்தில இருக்கிறதெண்டால் இன்: கார், ஓட்டோ. பின்னேரம் பருத்தித்துறை பஸ்ஸில காலை அசைக்கவும் ஏலாதுதான், எண்டாலும் ஒன்தான். சைக்கிளுக்கும் ஒன், அது மேல ஏறி இருக்கிறதாலை.

கந்தோரில வேலை செய்யிற ஒருத்தர்: 'டிஸ்கஸ் அபவுட்' எண்டு கடிதத்தில எழுத, மேலதிகாரி அபவுட்டை வெட்டிப்போட்டார். என்ன பிழை?

அவர் வெட்டினது சரி. 'பற்றிக் கதைக்கிறது' எண்டு முழுதும் டிஸ்கஸுக்குள்ளயே இருக்கு, திரும்பப் 'பற்றி' போடத் தேவையில்லை. 'ரோக்' (talk) எண்டால் அபவுட் வேணும். 'ஹாட் எ டிஸ்கஷன் அபவுட்' எண்டாலும் சரி, ஏனெண்டால் அங்க அது பெயர்ச்சொல். இதே நோய்தான் 'ரீச்ட் ரு கொழும்பு', ரு வேண்டாம். 'மரீட் வித்' எண்டு எழுதுறதும் எங்கட 'ஓட'வால வாற வினை, ஆரைக் கட்டினது எண்டு சொல்ல 'மரீட் ரு' தான் வரும். அதாலைதான் வினைச்சொல்லைத் தனியப் பாடமாக்காமல் அதோட வாற சொல்லையும் சேத்து எழுதி வையுங்கோ எண்டு கத்துறனான்.

கொக்குவில் ஐயா: வசன முடிவில பிறெபொசிசன், அதுதான் இந்த இன், ஒன், அற் மாதிரிச் சொல்லு, வரக்கூடாதெண்டு எங்களுக்குப் படிப்பிச்சவை.

எனக்கும் அப்பிடித்தான் ஐயா படிப்பிச்சவை. 1672ல டிறைடன் எண்ட கவிஞர் அதைக் குறையெண்டு சொல்லப்போக, பிறகு வந்த வாத்திமார் சட்டமாக்கிப்போட்டினம். 'வட் ஆர் யூ லுக்கிங் அற்' எண்டுதான் இங்கிலிஷ்காரனே கதைக்கிறான். பயப்பிடாமல் எழுதுங்கோ.