ஆர்ச்சை இடிக்காம கதவு போட முடியுமா?

கேள்வி: சார், எங்க வீடு 1993-ல கட்டினது. ஹாலுக்கும் டைனிங்குக்கும் நடுவுல கதவில்லாம பெரிய ஆர்ச் இருக்கு. அகலம் 5 அடி, உச்சியில 7½ அடி, மேல சரியா அரைவட்டம். மாமியாருக்கு இடுப்பு ஆபரேஷன் ஆகி இப்ப வீல்சேர்ல இருக்காங்க, மாடி ஏற முடியாது, அதனால டைனிங்கையே அவங்க ரூமா மாத்தி ஏசி போடலாம்னு பாக்கறோம். கொத்தனார் "ஆர்ச்சைத் தட்டி நேராக்கிடலாம்மா, ஒரு நாள் வேலை"ங்கறார். அதுக்கு மேலயே மாடி ரூம் சுவர் நிக்குது, பயமா இருக்கு. – வாசகி, திருச்சி

பதில்: நீங்க பயப்படறது நியாயம்மா. உச்சிக்கு மேல கையகலத்துக்குப் பூச்சைக் கொத்திப் பாக்காம ஒரு நாள் வேலைன்னு யாருமே சொல்லக்கூடாது. அங்க படுக்கைவாக்குல கான்கிரீட் தெரிஞ்சா லின்டல், அதாவது மேல்பாரத்தைத் தாங்கற சட்டம் இருக்கு, ஆர்ச் வெறும் அலங்காரம், எடுத்துடலாம். செங்கல் விசிறி மாதிரி நிறுத்தி அடுக்கியிருந்தா மாடிச் சுவரோட பாரம் அந்த வளைவு வழியாத்தான் ரெண்டு பக்கமும் இறங்குது, முட்டுக் குடுத்துப் புது லின்டல் போடாம அதுல கை வைக்கவே கூடாது.

ஆனா உங்க அளவுக்கு எதையுமே இடிக்க வேண்டாம்ங்கறதுதான் என் கட்சி. அரைவட்டம்னா வளைவு 5 அடி உயரத்துல ஆரம்பிக்குது. நடுவுலேர்ந்து ஒன்றரை அடி தள்ளி அளந்தா வளைவோட உயரம் கரெக்டா 7 அடி வரும், ஸ்கூல்ல படிச்ச 3-4-5 முக்கோணக் கணக்குதான். அதாவது 3க்கு 7 நிலை அப்படியே ஆர்ச்சுக்குள்ள உக்காந்துடும். ஆனா வீல்சேருக்கு அது பத்தாது, நிலையோட ரெண்டு பக்கச் சட்டமும் மும்மூணு அங்குலம் சாப்பிட்டா மிச்சம் 2½ அடிதான், கதவுத் தடிமனும் போக சக்கரத்தைத் தள்ளற கை நிலையில இடிச்சுக்கிட்டே இருக்கும். அதனால வெளி அளவு அகலம் 3½ அடி, உயரம் 6 அடி 8 அங்குலம்னு ஆசாரிகிட்ட சொல்லுங்க. ரெண்டு பக்கமும் மீதி 9 அங்குலத்தை செங்கல் வச்சு அடைச்சுடலாம், கிட்டத்தட்ட ஒரு செங்கல் நீளம், கொத்தனாருக்கு செங்கலை உடைக்கற வேலைகூட பெருசா இருக்காது.

அவர் கவனிக்க வேண்டியது ஒட்டுதான். பழைய சுவர்ல பூச்சு மேலயே செங்கல் வச்சா ஆறு மாசத்துல நேர்கோடா விரிசல் விழும், பூச்சைக் கொத்தி எடுத்துட்டு, நாலு வரிசைக்கு ஒரு தடவை 8 எம்எம் கம்பியை டிரில் பண்ணி உள்ள விட்டுக் கட்டச் சொல்லுங்க, பூசறப்ப பழசும் புதுசும் சேர்ற இடத்துல கோழிவலை அடிக்கணும். வழவழப்பான டைல்ஸ் மேல கட்ட விடாதீங்க, அந்த இடத்து டைல்ஸை எடுத்துடணும். கொத்தறதுக்கு முன்னாடி சுவிட்ச் போர்டுக்குப் போற பைப் எங்க ஓடுதுன்னு எலக்ட்ரீஷியனைக் கேட்டுக்கங்க. நிலைக்கு மேல உள்ள பிறை மாதிரி இடத்தையும் செங்கல் வச்சு அடைச்சுடலாம், கடைசி இடுக்கை மட்டும் ரெண்டு நாள் விட்டு கலவை திணிக்கணும். புதுசா கட்டின இடத்தை ஏழு நாளாவது தண்ணி ஊத்தி நனைக்கணும்.

மர நிலைன்னா சுவர்ல படற பக்கத்துக்கு கரையான் மருந்தும் பிரைமரும் அடிச்சப்புறம்தான் நிறுத்தணும். கீழ்ச்சட்டம் வேண்டாம், மூணு பக்க நிலை போதும், பூஜை ரூம் மாதிரி வாசப்படி வேணும்னு ஆசாரி அடம் பிடிச்சாலும் விட்டுக் குடுக்காதீங்க, அரை அங்குலம் எழும்பினாலே வீல்சேர் மல்லுக்கு நிக்கும். ஏசி காத்து கீழ போகாம கதவடியில ரப்பர் பட்டை ஒட்டிக்கலாம். தாப்பாள் மட்டும் வெளியிலேர்ந்தும் திறக்கற மாதிரி வாங்குங்க.