பீப்பாய்கள் அடுக்கிய இடத்தில் பயணிகள்

கேள்வி: லண்டனில் உள்ள செயின்ட் பான்கிராஸ் ரயில் நிலையத்தை ஒரு காலத்தில் இடித்துவிட நினைத்தார்களாமே, அது எப்படித் தப்பியது? பழமை கெடாமல் அதை எப்படிப் புதுப்பித்தார்கள்?

பதில்: உண்மைதான். 1868-இல் திறக்கப்பட்ட அந்நிலையமும், அதன் முகப்பில் ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட் எழுப்பிய செங்கல் ஓட்டலும் 1960-களில் இடிபடும் நிலையில் இருந்தன. ஓட்டல் 1935-லேயே மூடப்பட்டு அலுவலகமாகியிருந்தது. ஆனால், அருகிலுள்ள யூஸ்டன் நிலையத்தின் மாபெரும் கல்வாயிலை எதிர்ப்பையும் மீறி இடித்த வேதனை அப்போது ஆறாதிருந்ததால், கவிஞர் ஜான் பெட்ஜமன் முதலானோர் எழுப்பிய குரலுக்கு இம்முறை வலுக் கிடைத்தது. 1967-இல் அது முதல் தரப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்ந்தது.

புதுப்பித்த விதத்தைப் புரிந்துகொள்ள, முதலில் கட்டிய விதத்தைப் பார்க்க வேண்டும். பொறியாளர் வில்லியம் பார்லோ 240 அடி அகலத்தை, நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல், இரும்பு வளைவுகளால் மூடினார். வளைவின் கால்கள் இருபுறமும் விலகப் பார்க்கும். அவற்றை விலகவிடாமல் இழுத்துப் பிடிப்பவை, நடைமேடைத் தளத்தின் அடியில் குறுக்கே ஓடும் இரும்பு உத்தரங்களே. ரயில் பாதை ஒரு கால்வாயைப் பாலத்தின் மேல் கடந்து வருவதால் தளம் தெருவைவிட உயரமாக அமைந்தது. அடியில் கிடைத்த இடம் பர்ட்டன் நகரத்து பீர் பீப்பாய்களுக்குக் கிடங்கானது. தூண்களின் இடைவெளியைக்கூடப் பீப்பாய்களை அடுக்கும் வசதியைப் பார்த்தே தீர்மானித்தார்கள்.

அந்தக் கிடங்குதான் இன்று பயணிகள் கூடமும் கடைகளும். அங்கே வெளிச்சம் இறங்க மேல்தளத்தை வெட்டித் திறக்க வேண்டியிருந்தது. கூரையையே பிடித்து நிறுத்தும் தளம் அல்லவா அது? ஆகவே அந்தப் பிடி தளராதபடி கணக்கிட்டு வெட்டினார்கள். மொத்தப் பணியிலும் நான் மிகவும் மதிப்பது இதைத்தான். கூரைக்குப் புதிய கண்ணாடியும் வேல்ஸ் நாட்டு ஸ்லேட் ஓடுகளும் வந்தன. இரும்புக்குப் பழைய வெளிர்நீலத்தைப் பூசினார்கள்.

கடலடிச் சுரங்கம் வழியாக ஐரோப்பாவுக்குச் செல்லும் யூரோஸ்டார் ரயிலும் இங்கே வந்து நிற்க வேண்டியிருந்தது. அதன் நீளம் ஏறத்தாழ 400 மீட்டர்; பார்லோவின் கூடமோ 210 மீட்டர்தான். பழைய வளைவை நகலெடுத்து நீட்டாமல், தட்டைக் கூரையுடன் வடபுறத்தில் புதுக் கூடம் ஒன்றைச் சேர்த்தது நல்ல முடிவு. எது பழையது, எது புதியது என்பது பார்த்ததும் தெரிகிறது. 2007 நவம்பர் 14 முதல் பாரிஸுக்கும் பிரஸ்ஸல்ஸுக்கும் ரயில்கள் அங்கிருந்தே புறப்படுகின்றன. ஓட்டலும் 2011-இல் மீண்டும் திறக்கப்பட்டது.