மைனஸ் 30-ல் வாத்தியார் வேலை: கேட்டதும் சொன்னதும்

கனடாவுல வின்னிப்பெக் பக்கம் பள்ளிக்கூட வேலைக்குக் கிளம்பற நம்ம பக்கத்து ஆசிரியர்கள் கேட்டதுக்குப் பதில். ஜனவரியில மைனஸ் 30 அங்க அதிசயமில்லைங்க.

திருப்பூரிலிருந்து: இங்கிருந்தே பனியன் மொத்தமா எடுத்துட்டுப் போனா ஆகாதுங்களா? ஸ்வெட்டர் ரெண்டு இருக்குதுங்க.

பனியன் ஊர்க்காரர்கிட்டச் சொல்லச் சங்கடந்தான், ஆனா பருத்தியை உடம்போட ஒட்டிப் போடாதீங்க. பஸ்ஸுக்கு ஓடினா வேர்க்கும். பருத்தி அந்த வேர்வையைக் குடிச்சு வெச்சுக்கும். ஸ்டாப்புல நிக்கறப்ப அந்த ஈரம் சில்லிட்டு உடம்புச் சூட்டை உறிஞ்சிடும். உள்ளே மெரினோ கம்பளி இல்லைன்னா பாலியஸ்டர் தெர்மல், மேலுக்கும் காலுக்குமா ரெண்டு செட். நடுவுல உங்க ஸ்வெட்டர். வெளியே காத்துப் புகாத, இடுப்புக்குக் கீழ இறங்கற பார்க்கா, அதாவது தலைமூடி வெச்ச கனமான குளிர்கோட்டு. அதை மட்டும் அங்க போய் வாங்குங்க. ஊட்டிக்குப் போட்டுட்டுப் போற ஜாக்கெட் அங்க எடுபடாது. வகுப்பறைக்குள்ள 20 டிகிரிக்கு மேல இருக்கும், அதனால சுலபமாக் கழட்டற மாதிரி இருக்கணும்.

கோபியிலிருந்து: காலுக்கு ரெண்டு சாக்ஸ் போட்டாப் போதுமுங்களா?

ரெண்டு போட்டு பூட்ஸ் இறுகினா ரத்த ஓட்டம் குறைஞ்சு விரல் இன்னும் சீக்கிரம் மரத்துப்போகும். கம்பளிச் சாக்ஸ் ஒண்ணு, அரை சைஸ் பெரிய பூட்ஸ். சாயங்காலம் உள் உறையைக் கழட்டிக் காய வைங்க. பள்ளிக்குள்ள போட வேற ஜோடி செருப்பு வேணும்.

பொள்ளாச்சியிலிருந்து: இடைவேளைக்கு மைதானத்துல நின்னு பிள்ளைகளைப் பார்க்கணுமாமே, எவ்வளவு நேரம் தாங்கும்?

வெறும் டிகிரியைப் பார்க்காதீங்க, காத்தையும் சேர்த்துச் சொல்ற 'விண்ட் சில்' எண்ணைப் பாருங்க. மைனஸ் 25-ல மணிக்கு 30 கிலோமீட்டர் காத்து அடிச்சா அது மைனஸ் 39. மைனஸ் 28-ல இருந்து 39 வரைக்கும் மூடாத தோல் 10 முதல் 30 நிமிஷத்துல உறையலாம்; மைனஸ் 40 தாண்டினா 5 முதல் 10 நிமிஷந்தான். எந்த எண்ணுக்கு மேல பிள்ளைகளை உள்ளயே வெச்சுக்கணும்னு உங்க பள்ளியில முதல் வாரமே கேட்டு வைங்க.

பாதி வேலை பிள்ளைக உடுப்பு மாட்டறதுலதான். முதல்ல பாத்ரூம். அப்புறம் ஸ்னோ பேண்ட், பூட்ஸ், கழுத்துக் குழாய்த் துணி, ஜாக்கெட், குல்லா, கடைசியா மிட்டன் (நாலு விரலும் ஒண்ணாப் போற கையுறை). நீளத் துப்பட்டா மாதிரி ஸ்கார்ஃப் வேண்டாம், சறுக்கு மரத்துல மாட்டிக் கழுத்தை இறுக்கும். மிட்டனை முன்னாடியே போட்ட பிள்ளையால ஜிப்பை இழுக்க முடியாது. மெதுவா மாட்டற பிள்ளைகளை முதல்ல ஆரம்பிக்க விடுங்க. இல்லைன்னா முன்னாடி முடிச்சவன் உள்ளயே நின்னு வேர்த்து, அந்த ஈரத்தோட வெளியே போவான்.

கன்னத்துல மெழுகு மாதிரி வெள்ளைத் திட்டு தெரிஞ்சா, தொட்டா உணர்வு இல்லைன்னா, உள்ளே கூட்டிட்டு வந்து உள்ளங்கையை வெச்சு மூடுங்க. விரல்னா 37-39 டிகிரி வெதுவெதுப்பான தண்ணி. தேய்க்கக் கூடாது. ஹீட்டர் பக்கமும் காட்டாதீங்க, மரத்த தோலுக்குச் சுடறது தெரியாது.

உங்களுக்கும் ஒண்ணு: வெளியே போறப்ப ஜிமிக்கியைக் கழட்டிடுங்க. உலோகம் காது மடலைச் சீக்கிரம் குளிர வைக்கும்.

ஈரோட்டிலிருந்து: மாவு பொங்கவே மாட்டேங்குதுன்னு அங்க இருக்கறவங்க சொல்றாங்க. இட்லிக்கு வழி இருக்குதுங்களா?

இருக்குதுங்க. குளிர்காலத்துல குழாய்த் தண்ணியே ஐஸ் மாதிரி வரும். அதுல ஊறவெச்சு ஆட்டினா மாவு சூடேறவே பாதி ராத்திரி போயிடும். ஊறவைக்க வெதுவெதுப்பான தண்ணி, நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, ஒரு டீஸ்பூன் வெந்தயம். உப்புப் போட்டுக் கையாலயே கலக்குங்க. பாத்திரத்துல பாதிதான் ஊத்தணும். அடுப்பைப் பத்த வைக்காம, ஓவன் விளக்கை மட்டும் போட்டு, பல்புப் பக்கத்துல 12-14 மணி நேரம் வைங்க. அங்கதான் கோளாறு: எல்.இ.டி. பல்பா இருந்தா சூடு வராது. அப்ப பக்கத்துல கொதிதண்ணிச் சொம்பு ஒண்ணு வெச்சு, ஆற ஆற மாத்துங்க. ஓவன் கதவுல 'உள்ளே மாவு' னு சீட்டு ஒட்டுங்க, காலையில யாராவது ஓவனை முடுக்கிடுவாங்க.

அவசரத்துக்கு இதெல்லாம் எதுக்குங்க, குக்கர்ல அரிசிம்பருப்புச் சாதம்.

நாமக்கல்லிலிருந்து: கார் ஸ்டார்ட் ஆகுமுங்களா?

முன்பக்கம் கரண்ட் பிளக் ஒண்ணு தொங்கும், இஞ்சினைச் சூடாக்கி வெக்கற பிளாக் ஹீட்டரோடது. மைனஸ் 15-க்குக் கீழ போனா, கிளம்பறதுக்கு மூணு மணி நேரம் முன்னாடி ஓடற மாதிரி டைமர் வைங்க. கண்ணாடி கழுவற தண்ணி மைனஸ் 40 தாங்கறதா இருக்கணும். வெறும் தண்ணி உறைஞ்சு டப்பாவையே வெடிக்க வைக்கும். பனியில மாட்டிக்கிட்டா, சைலன்சர் வாயை மூடின பனியைத் தள்ளிட்டுத்தான் இஞ்சினைப் போடணும். இல்லைன்னா புகை உள்ளே வந்து உயிருக்கே ஆபத்து.

தாராபுரத்திலிருந்து: தொண்டை கட்டுமுங்களா? அம்மாகிட்ட எப்பப் பேசறதுங்க?

கட்டும். ஹீட்டர் காத்து வறண்டது. படுக்கையறையில ஹியுமிடிஃபையர் (காத்துல ஈரம் சேர்க்கற மெஷின்) வெச்சு ஈரப்பதம் 30 சதவீதத்துக்குப் பக்கம் வைங்க. ஜன்னல்ல தண்ணி கோத்தா குறைங்க. தேங்காய் எண்ணெய் கட்டியாயிடும், குளிச்ச ஈரம் ஆறறதுக்குள்ள வாசலின் தடவுங்க.

அங்க ராத்திரி 8 மணின்னா இங்க மறுநாள் காலை 7.30. மார்ச்சுல கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிட்டா 6.30 ஆயிடும். அம்மா சொசைட்டிக்குப் பால் ஊத்தப் போற நேரம், கொஞ்சம் தள்ளிக் கூப்பிடுங்க.