வேளாண் வணிகம் படிக்கலாமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

பிளஸ் டூ முடித்திருக்கிறேன். ஊர் மன்னார்குடிப் பக்கம். ஒரு வேலி நிலம், நெல்லும் அதற்குப்பின் உளுந்தும். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் வேளாண் வணிக மேலாண்மை எடுக்க ஆசை. "நெல்லு யாவாரிக்கெல்லாம் எந்தக் காலேஜுல சொல்லிக்குடுத்தாங்க?" என்கிறார் அப்பா. பி.எஸ்சி. வேளாண்மை எடு, அரசு வேலைக்காவது போகலாம் என்கிறார் சித்தப்பா. இந்தப் படிப்புக்கு வேலை உண்டா? ஊரிலேயே ஏதாவது செய்ய முடியுமா?

ச.

அன்புள்ள ச.,

சித்தப்பா சொல்வது பாதி சரி. வேளாண்மை அலுவலர் பதவிக்கு டி.என்.பி.எஸ்.சி. கேட்பது பி.எஸ்சி. வேளாண்மைப் பட்டம். அந்த ஆசை மனதில் ஓர் ஓரமாக இருந்தால்கூட வணிகப் படிப்பில் சேராதீர்கள். வேளாண்மைப் பட்டத்தைக் கீழ்வேளூரிலோ ஈச்சங்கோட்டையிலோ டெல்டாவுக்குள்ளேயே படிக்கலாம். ஆனால் வங்கிகளுக்கு ஐ.பி.பி.எஸ். நடத்தும் வேளாண் கள அலுவலர் தேர்வுக்கு வேளாண் வணிக மேலாண்மையும் தகுதிதான். நான்காண்டுப் பட்டமாக இருக்க வேண்டும், அவ்வளவே. 'அக்ரி பிசினஸ்' என்று பெயர் போட்ட மூன்றாண்டு பி.பி.ஏ.வில் சேர்ந்துவிட்டு, விண்ணப்பம் போடும்போதுதான் பலருக்கு இது தெரிகிறது. கட்டணம் கட்டுமுன் பட்டத்தின் பெயரையும் எத்தனை ஆண்டு என்பதையும் பார்த்துவிடுங்கள்.

அப்பாவின் கேள்விக்குத்தான் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும். வியாபாரிக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, உண்மை. ஆனால் அவர் மனக்கணக்காகப் போடுவதை விற்கிறவர் போடுவதில்லை. நஷ்டம் அங்கேதான் தொடங்குகிறது.

குறுவை அறுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மிஷின் அறுத்த நெல் களத்துக்கு வரும்போது ஈரப்பதம் 22 சதவீதம் என்று வையுங்கள். கொள்முதல் நிலையத்தில் வழக்கமான வரம்பு 17. "அஞ்சு பாயிண்டு கூட, நூறு கிலோவுக்கு அஞ்சு கிலோ போவும்" என்பதுதான் களத்தில் கேட்கும் கணக்கு. அது தப்பு. 22 சதவீத ஈரமுள்ள 100 கிலோவில் காய்ந்த சரக்கு 78 கிலோ. 17 சதவீத ஈரத்தில் நூற்றுக்கு 83 பங்கு காய்ந்த சரக்கு. ஆக 78-ஐ 0.83-ஆல் வகுத்தால் 93.98 கிலோ. போனது 6 கிலோ. 40 கிலோ மூட்டை ஒன்று தேற ஏறத்தாழ 42 கிலோ 560 கிராம் ஈரநெல் வேண்டும். அரவைக்காக 14 சதவீதம் வரை காயவைத்தால் அந்த 100 கிலோ 90.7 கிலோவாகிவிடும்.

இப்போது விலைக்கு வாருங்கள். 2025-26 பருவத்தில் சாதாரண ரகத்துக்கு மாநில ஊக்கத்தொகையும் சேர்த்துக் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். அப்படியென்றால் களத்தில் கிடக்கும் ஈரநெல் குவிண்டால் 2,350 ரூபாய் பெறும். வியாபாரி 2,100-க்குக் கேட்டால் இடைவெளி 250. காயவைக்கும் கூலி, தார்ப்பாய், வண்டி வாடகை, நிலையத்தில் காத்துக்கிடக்கும் நாள் எல்லாம் அதற்குள் அடங்குமா? அடங்கினாலும் ஐப்பசி மழை இரண்டு நாள் விடாமல் பிடித்தால் நெல் முளைவிடும், நிறம் மாறும். சேதமான, முளைத்த, நிறம் மாறிய மணி 5 சதவீதத்தைத் தாண்டினால் நிலையத்தில் எடுக்கமாட்டார்கள். சில வருஷம் 2,100-க்குத் தள்ளிவிடுவதே புத்திசாலித்தனம். சில வருஷம் அது கொள்ளை. எந்த வருஷம் எது என்று அறுப்பன்றைக்கே சொல்லத் தெரிவதுதான் இந்தப் படிப்பு.

வேலை என்று பார்த்தால் விதை, உர, மருந்துக் கம்பெனிகளில் விற்பனைப் பணி எளிதில் கிடைக்கும். முதலில் பெரும்பாலும் பைக்கில் கடை கடையாக ஏறி இறங்குவதும் வசூலும்தான். மேலே படிக்க அகமதாபாத் ஐ.ஐ.எம்., ஐதராபாத் மேனேஜ் (தேசிய வேளாண் விரிவாக்க மேலாண்மை நிறுவனம்) இரண்டும் இருக்கின்றன. அவற்றுக்கான கேட் (CAT) நுழைவுத்தேர்வுக்கு நான்காம் ஆண்டில் உட்காருங்கள்.

ஊரிலேயே வேலை என்றால் விவசாயிகளே பங்கு போட்டு நடத்தும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் நினைவுக்கு வரும். 2020-இல் தொடங்கிய மத்தியத் திட்டத்தில் தலைமைச் செயல் அலுவலருக்கு மாதம் 25,000 ரூபாய் வரை உதவி உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதன் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 500 பேர் ஆளுக்கு 1,000 ரூபாய் பங்கு போட்டால் 5 லட்சம். அதற்கு இணையாகப் பங்கு மானியம் 5 லட்சம். மொத்தம் 10 லட்சம். பங்குனி, சித்திரையில் உளுந்து வரும்போது குவிண்டால் 7,000 என்று 150 குவிண்டால், அதாவது ஒரு லாரி வாங்கினால் பத்தரை லட்சம். கைமுதல் தீர்ந்தது. விவசாயிக்கு அன்றே பணம் வேண்டும், பருப்பு மில் முப்பது நாள் கழித்துத் தரும். பணம் திரும்புவதற்குள் உளுந்து முழுவதும் வியாபாரி கிடங்குக்குப் போய்விடும். குவிண்டாலுக்கு 200 ரூபாய் லாபம் நின்றால் ஒரு லாரிக்கு 30,000. உங்கள் ஒரு வருஷச் சம்பளம் 3 லட்சம், அதற்கே பத்து லாரி ஓடவேண்டும். திட்ட உதவி மூன்று ஆண்டோடு நின்றுவிடும். பல நிறுவனங்கள் நான்காம் ஆண்டில் பெயர்ப்பலகையோடு நின்றுபோக முக்கியக் காரணம் இதுதான்.

ஆகவே அப்படி ஒரு நிறுவனத்தில் வேலைக்குச் சேருமுன் மூன்று கேள்வி கேளுங்கள். சரக்கு வாங்கி விற்பதற்கான நடைமுறை மூலதனக் கடனை வங்கியில் வாங்கியாயிற்றா? உளுந்து இல்லாத மாதங்களில் உரம், விதை விற்பனை ஓடுகிறதா? போன வருஷத் தணிக்கை அறிக்கையைக் காட்டுவார்களா? மூன்றாவதற்குத் தயங்கினால் வேண்டாம். நல்ல நிறுவனம் கிடைத்தால் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் சரக்கை வைத்துப் பொருளீட்டுக் கடன் எடுத்து, அந்தப் பணத்தில் அடுத்த லாரியை வாங்கலாம். ஆனால் வைக்கும் உளுந்து நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரத்தோடு மூட்டை கட்டினால் வண்டு துளைத்து, விலை ஏறும் நேரத்தில் சல்லடையாகக் கையில் வரும்.

கோவையில் சேர்ந்தால் பயிற்சிக்குக் கம்பெனி அலுவலகத்தைத் தேடாதீர்கள். அறுப்புக் காலத்தில் ஒரு அரிசி ஆலையின் கொள்முதல் மேசையில் உட்காருங்கள். தஞ்சாவூரில் உள்ள உணவுத் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்டெமையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நெல் பதப்படுத்தும் ஆய்வு மையமாகத் தொடங்கியது அது.

பட்டத்துக்குப் பிறகு சொந்தமாக ஏதாவது வைக்க நினைத்தால் வேளாண் மருத்துவ, வணிக மையத் திட்டம் இருக்கிறது. 45 நாள் இலவசப் பயிற்சி, தனிநபருக்கு 20 லட்சம் வரையிலான திட்டத்துக்குக் கடன், திட்டச் செலவில் 36 சதவீதம் மானியம். பெண்களுக்கு 44. முதலில் பயிற்சி, அதன்பிறகுதான் கடன் மனு; ஷெட்டைக் கட்டி முடித்துவிட்டு மானியம் கேட்டுப் போகாதீர்கள்.