அறுபத்தேழு வாக்குகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பாரிஸ் காலநிலை ஒப்பந்தத்தில் அமெரிக்கா சேர்கிறது, விலகுகிறது, மறுபடி சேர்கிறது, மறுபடி விலகுகிறது. ட்ரம்ப் என்ற ஒரு மனிதரின் பிடிவாதமும் எண்ணெய்க் கம்பெனிகளின் பணமும் உலகத்தையே ஆட்டிவைக்கின்றன. சூழலியல் படிக்கிறேன். சில நாட்களில் இந்தப் படிப்பே வீண் என்று தோன்றுகிறது. மற்ற நாடுகள் இனி அமெரிக்காவை எப்படி நம்பும்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

படிக்கிற வயதில் படிப்பு சலிப்பது சகஜம். நாலு நாளில் சரியாகிவிடும். அதற்கு வாஷிங்டன் மேல் பழி போடாதீர்கள்.

எண்ணெய்ப் பணம் உண்மைதான், எல்லோரும் எழுதித் தீர்த்துவிட்டார்கள். எனக்கு எரிச்சல் வந்தது அந்த 'ஒரு மனிதரின் பிடிவாதம்' என்ற இடத்தில்தான். 1997 ஜூலையில் ட்ரம்ப் அரசியலிலேயே இல்லை. வளரும் நாடுகளைக் கட்டுப்படுத்தாத எந்தக் காலநிலை ஒப்பந்தத்திலும் கையெழுத்திடக் கூடாது என்று செனட் (அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவை) அப்போது தீர்மானம் போட்டது. ஆதரவு 95, எதிர்ப்பு பூஜ்யம். பணக்கார நாடுகள் புகையைக் குறைத்தே ஆகவேண்டும் என்ற ஒப்பந்தத்தை உருவாக்கிய கியோட்டோ மாநாடு கூடியதே அந்த டிசம்பரில்தான்! கிளின்டன் அரசு 1998-ல் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதோடு சரி, அதை செனட்டுக்கு அனுப்பவே இல்லை. 2001-ல் புஷ் வந்து மொத்தமாகக் கைகழுவினார்.

சர்வதேச உடன்படிக்கை ஒன்று செனட்டில் நிறைவேற மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும்; நூறு பேரும் வாக்களித்தால் 67 வாக்குகள். 1992-ல் ஐ.நா. காலநிலை உடன்படிக்கைக்கு அது பிரச்சினையே இல்லை. கையெழுத்திட்ட மூத்த புஷ் குடியரசுக் கட்சிக்காரர். அப்புறம்தான் இரு கட்சிகளுக்கும் இடையே பிளவு முற்றியது. தென் கரோலினாவின் பாப் இங்லிஸ் அதே கட்சியின் எம்.பி.யாக இருந்தவர்; கார்பன் வரி, அதாவது புகை வெளியேற்றத்துக்கு வரி, வேண்டும் என்று பேசியவர். 2010-ல் சொந்தக் கட்சியின் உட்தேர்தலிலேயே தோற்றார். தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனால் கட்சிக்காரர்கள் இந்தக் காரணத்தை மறக்கவில்லை.

இனி 67 கிடைக்காது என்பது ஊரறிந்த விஷயமாகிவிட்டது. பாரிஸ் ஒப்பந்தத்தை எழுதியவர்களுக்கும் அது தெரியும். அவரவர் இலக்கை அவரவரே வைத்துக்கொள்ளலாம், எட்டாவிட்டால் தண்டனை இல்லை என்று அது அமைந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். (சீனாவும் இந்தியாவும் மட்டும் கட்டாயத்தை விரும்பினவா என்ன!) ஒரு நாட்டின் கட்சிச் சண்டை, எல்லா நாடுகளுக்குமான ஒப்பந்தத்தின் எலும்புக்கூடு வரை போய்விட்டது. ஒபாமா செனட் பக்கமே போகாமல் சேர்ந்தார். அதனால்தான் அடுத்து வந்தவரால் அவ்வளவு எளிதாக வெளியேற முடிந்தது. அந்த விலகல் நடைமுறைக்கு வந்தது 2020 நவம்பர் 4, தேர்தலுக்கு மறுநாள். அன்று நானும் எல்லோரையும்போல வாக்கு எண்ணிக்கையில்தான் கண்ணாக இருந்தேன்.

ஆனால் 2022 செப்டம்பரில் அதே செனட் கிகாலி திருத்தத்தை 69-27 என்று நிறைவேற்றியது. ஏசியிலும் ஃப்ரிட்ஜிலும் ஓடும், பூமியைச் சூடாக்கும் ஹெச்.எஃப்.சி. வாயுக்களைக் குறைக்கும் ஒப்பந்தம் அது. குடியரசுக் கட்சியினர் 21 பேர் ஆதரித்தார்கள். திடீரென்று பூமிமேல் பாசம் வந்துவிடவில்லை. மாற்று வாயு தயாரிக்கும் அமெரிக்கக் கம்பெனிகளே அதைக் கேட்டு நின்றன.

அந்த 21 பேர் யார், அவரவர் மாநிலத்தில் என்ன தொழிற்சாலை இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். உங்கள் ஆய்வேட்டுக்கே அது போதும். முடித்ததும் எனக்கு அனுப்புங்கள், கட்டாயம் படிப்பேன். ட்ரம்பைப் பற்றி இன்னொரு கடிதம் மட்டும் வேண்டாம்.