வீட்டுக் கடன் மேல் இன்னொரு டாப்-அப் போட்டுக் கடை வாங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 43. ஒரகடத்தில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. மனைவி தனியார் பள்ளி ஆசிரியை. இருவருக்கும் சேர்த்துக் கையில் வருவது மாதம் 1.35 லட்சம். 2020 டிசம்பரில் மேடவாக்கத்தில் 58 லட்சத்துக்கு ஃபிளாட் வாங்கினோம். கடன் 45 லட்சம், 20 வருடம், ஆரம்ப வட்டி 7 சதவீதம், இ.எம்.ஐ. 34,900. ஐந்து வருடத்துக்கு மேல் கட்டியும் அசல் பாக்கி 42.3 லட்சம் என்று ஸ்டேட்மென்ட் சொல்கிறது. 2022 நடுவில் மனைவியின் தம்பி கூடுவாஞ்சேரி பக்கம் மனை வாங்க அவசரமாகக் கேட்டதால் 8 லட்சம் டாப்-அப் (அதே வீட்டின் மேல் கூடுதல் கடன்) எடுத்துக் கொடுத்தோம். அதற்கு மாதம் 10,570 நாங்கள்தான் கட்டி வருகிறோம். இப்போது ஓ.எம்.ஆரில் கட்டிக்கொண்டிருக்கும் ஒரு வணிக வளாகத்தில் 250 சதுர அடிக் கடை 30 லட்சம், முதல் 3 வருடம் 9 சதவீதம் உறுதியான வாடகை என்று மச்சானே கொண்டுவந்திருக்கிறார். டாப்-அப் 12 லட்சம், மகள் படிப்புக்குப் போட்ட எஃப்.டி. 10 லட்சம், நகைக் கடன் 8 லட்சம் என்று புரட்டச் சொல்கிறார். வீடு இப்போது 75 லட்சம் போகிறது, வாடகையே கடனை அடைத்துவிடும் என்கிறார். மனைவிக்கும் எனக்கும் இதில் பேச்சு முற்றி, சரியான தூக்கமே இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: கடை வேண்டாம். மகளின் எஃப்.டி.யை உடைக்காதீர்கள், நகையை வங்கிக்குக் கொண்டுபோகாதீர்கள். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்துவது கடை இல்லை, அந்த 42.3 லட்சம்தான். அது ஏன் குறையவில்லை என்பது புரிந்தால் கடையைப் பற்றிய குழப்பமும் பாதி தீரும்.

நீங்கள் கடன் வாங்கிய நேரத்தில் ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டி, அதாவது மற்ற வங்கிகளுக்கு அது கடன் தரும் வட்டி, 4 சதவீதம். உங்கள் வங்கி அதன்மேல் 3 சதவீதம் சேர்த்து 7 என்று போட்டது. கொரோனாவால் முடங்கிய பொருளாதாரத்தைத் தூக்கிவிடக் குறைத்து வைத்திருந்த வட்டி அது. 2022-ல் பணவீக்கம் 6 சதவீதத்தைத் தாண்டியதும் ரிசர்வ் வங்கி மே மாதத்தில் ஏற்ற ஆரம்பித்து, 2023 பிப்ரவரிக்குள் ரெப்போவை 6.5-க்குக் கொண்டுபோனது. உங்கள் வட்டி 9.5 ஆனது. இ.எம்.ஐ. மட்டும் அதே 34,900-ல் நின்றது. 43 லட்சத்துக்கு 9.5 சதவீதம் என்றால் ஒரு மாத வட்டி மட்டும் 34,000. நீங்கள் கட்டியதில் அசலுக்குப் போனது ஆயிரம் ரூபாய்கூட இல்லை. அந்த நிலையே நீடித்திருந்தால் கடன் அடைய இன்னும் 39 வருடம் ஆகியிருக்கும். இதுவரை சுமார் 21.5 லட்சம் கட்டியிருக்கிறீர்கள். குறைந்த அசல் 2.7 லட்சம். மீதி எல்லாம் வட்டி.

வங்கி உங்களை ஏமாற்றவில்லை. தவணைத் தொகையை மாற்றாமல் காலத்தை நீட்டியது, அவ்வளவுதான். இ.எம்.ஐ. ஏறவில்லையே என்று நீங்களும் நிம்மதியாக இருந்துவிட்டீர்கள். லட்சக்கணக்கான குடும்பங்களுக்கு இதே கதைதான். 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி தலையிட்டு, வட்டி மாறும்போது தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டும் கொஞ்சம் கொஞ்சமாகவா என்று கடன் வாங்கியவரைக் கேட்க வேண்டும் என உத்தரவிட்டது. உங்களுக்கும் ஒரு குறுஞ்செய்தியோ கடிதமோ வந்திருக்கும். பதில் போட்டிருக்க மாட்டீர்கள்.

2025-ல் ரெப்போ படிப்படியாக இறங்கி டிசம்பரில் 5.25-க்கு வந்தது. உங்கள் வட்டியும் 8.25 ஆகியிருக்கும். இது நல்ல வாய்ப்பு. இந்த நேரத்தில்தான் நீங்கள் இன்னொரு டாப்-அப்புக்குக் கிளம்புகிறீர்கள். உங்களைக் கெடுப்பது இந்தப் பழக்கம்தான்: வீட்டு விலை ஏறியதாக யாராவது சொன்னதும், அந்த ஏற்றத்தைப் பணமாக நினைத்து அதன்மேல் கடன் வாங்கி அடுத்தவர் யோசனைக்குக் கொடுப்பது. 58 லட்சம் 75 ஆனது என்றால் வருடத்துக்கு 5 சதவீதம் சொச்சம். அதே வருடங்களில் நீங்கள் கட்டிய வட்டி 7-லிருந்து 9.5 வரை. குடியிருக்கும் வீடு என்பதால் வாடகை மிச்சம், அந்த வகையில் வாங்கியது சரிதான். ஆனால் அந்த 17 லட்சம் உங்கள் பையில் இல்லை. வீட்டை விற்றால் ஒழிய அது வராது. டாப்-அப்பாக எடுத்தால் அது கடன், வேறு பெயர் இல்லை.

இனி கடை. விலை 30 லட்சம் என்கிறார்கள். கட்டி முடியாத வணிகக் கட்டடம் என்பதால் ஜி.எஸ்.டி. 12 சதவீதம், 3.6 லட்சம். குடியிருப்பு ஃபிளாட்டுக்கு 5 சதவீதம்தான், அதை நினைத்துக்கொண்டு இதற்கும் அப்படித்தான் என்று இருக்காதீர்கள். பத்திரம் பதிய முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். இன்னொரு 2.7 லட்சம். மொத்தம் 36.3 லட்சம். நீங்கள் போட்ட திட்டத்தில் இந்த 6.3 லட்சம் எங்கேயுமே இல்லை. 30 லட்சத்துக்கு 9 சதவீதம் என்று சொன்ன வாடகை வருடத்துக்கு 2.7 லட்சம். உண்மையில் போட்ட பணத்துக்கு அது 7.4 சதவீதம்தான் வருகிறது, வருமான வரிக்கும் பராமரிப்புக்கும் முன்னால்.

பணம் வரும் இடங்களைப் பாருங்கள். டாப்-அப் 12 லட்சத்துக்கு 9.5 சதவீதம் என்றால் 1.14 லட்சம் வட்டி. நகைக் கடன் 8 லட்சத்துக்கு 10 சதவீதம் வைத்தால் 80,000. எஃப்.டி.யில் இழக்கும் வட்டி 65,000. கூட்டினால் 2.59 லட்சம். வாடகை 2.7 லட்சம். அந்த 6.3 லட்சத்தை வேறெங்காவது கடன் வாங்கினால் முதல் வருடத்திலிருந்தே கைப்பணம் போகும். "வாடகையே கடனை அடைத்துவிடும்" என்ற பேச்சில் அசல் என்ற ஒன்று கணக்கிலேயே இல்லை. மாதத் தவணைகள் இப்போது வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு. கடை வாங்கினால் பாதியைத் தொடும்.

அந்த 'உறுதியான' வாடகை யார் தருவது என்று கேட்டீர்களா? கடையில் இன்னும் ஆளே வரவில்லை. கட்டடமே முடியவில்லை. மூன்று வருட வாடகை 8.1 லட்சம் விலையிலேயே ஏற்றி வைக்கப்பட்டிருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. உங்கள் பணமே தவணையாக உங்களுக்குத் திரும்பி வரும். கட்டுநர் கம்பெனியே எழுதிக் கொடுக்கிறதா, அல்லது அவரது இன்னொரு கம்பெனியா? பணம் நின்றால் யார்மேல் வழக்குப் போடுவீர்கள்? வளாகம் தமிழ்நாடு ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில்) பதிவாகியிருந்தாலும் அது கட்டுமானத்துக்கும் ஒப்படைப்புக்கும்தான் பிடி தரும். நாலாவது வருடம் வாடகைக்கு ஆள் வருவாரா என்பதற்கு எந்தப் பதிவும் உத்தரவாதம் இல்லை. அதே சாலையில் ஏற்கெனவே இயங்கும் மூன்று நாலு கடைகளில் போய் என்ன வாடகை தருகிறார்கள் என்று நீங்களே கேளுங்கள். உதாரணத்துக்கு, சதுர அடிக்கு 50 ரூபாய் என்றால் உங்கள் கடைக்கு 12,500 கிடைக்கும். இவர்கள் காட்டுவது 22,500.

வணிக இடத்தின் விலை வீட்டு விலை மாதிரி நகர்வதில்லை. வீட்டை வாங்குபவர் குடியிருக்க வாங்குகிறார், ஆசைக்கு வாங்குகிறார், பிள்ளைகள் பள்ளிக்காக வாங்குகிறார். அதனால் நம் ஊர் வீடுகள் வருட வாடகையாக விலையில் 2, 3 சதவீதம்தான் தந்தாலும் வாங்க ஆள் வருகிறது. கடையை வாங்குபவர் வாடகையை மட்டும்தான் பார்ப்பார். மாதம் 15,000, அதாவது வருடம் 1.8 லட்சம் வரும் கடைக்கு, 6 சதவீதம் போதும் என்பவர் 30 லட்சம் தருவார். வங்கி வட்டி ஏறி, 8 சதவீதம் வந்தால்தான் வாங்குவேன் என்று அவர் மாறினால் அதே கடைக்கு 22.5 லட்சம்தான் தருவார். சுவரும் ஷட்டரும் அப்படியே இருக்கும், விலை மட்டும் கால்வாசி போய்விடும். உங்கள் வீட்டுக் கடனும் அதே வட்டியோடு ஏறும். வட்டி ஏறினால் இரண்டு பக்கமும் அடி வாங்கும்படி உங்களை நீங்களே கட்டிப்போடுகிறீர்கள் என்பதுதான் என் பெரிய பயம்.

ஓ.எம்.ஆரில் ஆபீஸ் கட்டடங்கள் நிரம்புகின்றன, வெளிநாட்டுக் கம்பெனிகள் தங்கள் உலகளாவிய சேவை மையங்களைச் சென்னையில் திறக்கின்றன, மெட்ரோ இரண்டாம் கட்டத்தில் மாதவரம்–சிறுசேரி சிப்காட் தடம் அந்தச் சாலையிலேயே வருகிறது என்றெல்லாம் மச்சான் சொல்லியிருப்பார். எல்லாம் உண்மை. ஆனால் அந்தக் கம்பெனிகள் எடுப்பது ஒரே நிர்வாகத்தின் கீழ் இருக்கும் பெரிய வளாகங்களில் மாடி மாடியாக. அந்த வாடகை பெரிய முதலாளிகளுக்குப் போகிறது. 250 சதுர அடிக் கடைக்கு வேண்டியது வாசலில் நடந்து போகும் கூட்டம். மெட்ரோ தூண்கள் எழும்பும் சாலையில் அந்தக் கூட்டம் எத்தனை வருடம் கழித்து வரும், எந்தப் பக்கம் இறங்கும் என்பது இன்று யாருக்கும் தெரியாது. மெட்ரோவால் வரப்போகும் லாபத்தை விற்பவர் ஏற்கெனவே விலையில் சேர்த்துவிட்டார்.

தனித்தனியாக விற்ற கடைகளுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. அண்ணா சாலை ஸ்பென்சர் பிளாசாவை உங்கள் வயதுக்காரர்கள் மறந்திருக்க முடியாது. அங்கே கடைகள் பலர் கையில். 2010-ல் எக்ஸ்பிரஸ் அவென்யூ, 2013-ல் வேளச்சேரி ஃபீனிக்ஸ் என ஒரே நிர்வாகம் நடத்தும் மால்கள் வந்ததும் கூட்டம் இடம் மாறியது. எந்த மாடியில் எந்தக் கடை இருக்க வேண்டும், எதைப் புதுப்பிக்க வேண்டும் என்று நூற்றுக்கணக்கான உரிமையாளர்கள் ஒன்றாக முடிவெடுக்க முடியாது. பக்கத்துக் கடை மூடியிருந்தால் உங்கள் கடைக்கும் ஆள் வராது. அதை உங்களால் சரிசெய்யவும் முடியாது.

கடை வேண்டாமென்றால் 'பிராக்ஷனல் ஓனர்ஷிப்' என்று, அதாவது ஒரு கட்டடத்தைப் பலர் பங்கு போட்டு வாங்கலாம் என்று, அடுத்த விளம்பரம் கண்ணில் படும். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024-ல் இதைச் சிறு-நடுத்தர ரீட் (பலர் பணத்தில் கட்டடம் வாங்கி வாடகையைப் பங்கிடும் அறக்கட்டளை) என்ற விதிகளுக்குள் கொண்டுவந்து, குறைந்தபட்ச முதலீடு 10 லட்சம் என்று வைத்திருக்கிறது. 10 லட்சத்தை ஒன்றிரண்டு கட்டடங்களில் முடக்கும் நிலையில் நீங்கள் இல்லை. ஆபீஸ் வாடகையில் பங்கு வேண்டும் என்ற ஆசை தீராவிட்டால், 2019 முதல் பங்குச் சந்தையில் பட்டியலிட்ட ரீட்கள் இருக்கின்றன. சில நூறு ரூபாய்க்கு ஒரு யூனிட் கிடைக்கும், வேண்டாமென்றால் மறுநாள் விற்கலாம். அதையும் வீட்டுக் கடன் சீரான பிறகு பார்க்கலாம்.

சரி, செய்ய வேண்டியது. இ.எம்.ஐ.யை 34,900-லிருந்து 41,000 ஆக்கச் சொல்லி வங்கிக்கு எழுத்தில் கொடுங்கள். 42.3 லட்சம், 8.25 சதவீதம் என்ற கணக்கில் பழைய தவணையே தொடர்ந்தால் இன்னும் கிட்டத்தட்ட 22 வருடம், 65 வயது வரை கட்டுவீர்கள். மொத்தம் 91 லட்சம். 41,000 கட்டினால் 15 வருடம், 74 லட்சம். மாதம் 6,100 கூடுதலாகக் கட்டி 17 லட்சம் மிச்சம், 58 வயதில் கடன் இல்லை. மச்சானின் கடை எவ்வளவு நன்றாக ஓடினாலும் இவ்வளவு நிச்சயமாக இந்தப் பணத்தைத் தராது.

அதே கடிதத்தில், ரெப்போவுக்கு மேல் வங்கி சேர்த்த அந்த 3 சதவீதத்தைக் (ஸ்ப்ரெட்) குறைக்கவும் கேளுங்கள். நல்ல சிபில் மதிப்பெண் (கடனை ஒழுங்காகக் கட்டுபவர் என்று காட்டும் மதிப்பெண்) உள்ள புதியவர்களுக்கு வங்கிகள் இப்போது 7.5 சதவீதத்துக்கும் கீழே தருகின்றன. பழைய வாடிக்கையாளர் கேட்டால்தான் குறைப்பார்கள். மறுத்தால் வேறு வங்கிக்கு மாற்றுங்கள். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டியே முடிக்க அபராதம் கிடையாது. எம்.ஓ.டி. (வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைக்கும் ஆவணம்) பதிவு, பரிசீலனைக் கட்டணம் என்று கொஞ்சம் செலவு வரும், அதைக் கழித்துப் பாருங்கள். முக்கால் சதவீதம் குறைந்தாலே முதல் வருடத்தில் 30,000 ரூபாய்க்கு மேல் மிச்சம்.

இனி அந்த 8 லட்சம். அதில் இன்னும் ஏறக்குறைய 6 லட்சம் பாக்கி இருக்கும். 4.5 லட்சத்துக்கு மேல் நீங்கள் கட்டிவிட்டீர்கள், மனை அவர் பெயரில் இருக்கிறது. உறவு கெடும் என்று தயங்குவீர்கள், புரிகிறது. ஆனால் எழுத்து எதுவும் இல்லாமல் 3 வருடம் தாண்டிய கைமாற்றைச் சட்டப்படி கேட்பது கடினம். பாக்கித் தொகையைக் குறிப்பிட்டு, தருவதாக அவர் இப்போது புதிதாக எழுதிக் கையெழுத்துப் போட்டால் அது செல்லும். மாதத் தவணை 10,570-ஐ இனி அவர் உங்கள் கணக்கில் போடட்டும், அல்லது மனையை விற்றுக் கணக்கை முடிக்கட்டும். இதை உங்கள் மனைவியே தன் தம்பியிடம் பேசுவது நல்லது. அதற்கு முன் இருவரும் உட்கார்ந்து அந்த ஸ்டேட்மென்டில் வட்டி, அசல் என்ற இரண்டு வரிசைகளையும் 2022 ஜூன் முதல் ஒவ்வொரு மாதமாகப் பாருங்கள். 10,570 அவர் பக்கமிருந்து வர ஆரம்பித்தால், நான் சொன்ன கூடுதல் 6,100 அதிலேயே அடங்கிவிடும். மீதி 4,400-ஐ மகளின் கல்லூரிக்கு ஒரு ரெக்கரிங் டெபாசிட்டில் போட்டுவிடலாம்.