அப்பாவின் நோய் மகளுக்கும் வருமா?

அன்புள்ள ஐயா,

என் கணவருக்குப் பைபோலார் என்கிற மனநோய். பல வருடமாக அதற்கு லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறார், வேலைக்கும் ஒழுங்காகப் போகிறார். மகள் பத்தாம் வகுப்பு. சில மாதமாக ராத்திரி தூக்கமே இல்லை, தொட்டதற்கெல்லாம் அழுகிறாள். "அப்பனை அப்படியே உரிச்சு வச்சிருக்கு" என்கிறார் மாமியார். அவளுக்கும் வந்துவிடுமா? அப்பா போடுவது சத்து மாத்திரை என்றுதான் அவளிடம் சொல்லி வைத்திருக்கிறோம்.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரி,

வந்தே தீரும் என்பதில்லை. நெதர்லாந்தில் 1990களின் கடைசியில், பெற்றோரில் ஒருவருக்குப் பைபோலார் உள்ள 140 பிள்ளைகளைச் சேர்த்து 12 வருடம் கவனித்தார்கள். கடைசிவரை தொடர்பில் இருந்தவர்களில் நூற்றுக்கு 13 பேருக்குத்தான் பைபோலார் வகை நோய் வந்திருந்தது. முழு மேனியா, அதாவது மனம் கட்டுக்கடங்காமல் எழும்பிவிடும் நிலை வரை போகிற முதல் வகை, நூற்றுக்கு 3 பேருக்கு. மற்ற பிள்ளைகளைவிட ஆபத்து அதிகம்தான், மறுக்கவில்லை. தலைவிதி இல்லை, அவ்வளவுதான்.

நீங்கள் கவனிக்க வேண்டியது அதே ஆய்வில் உள்ள இன்னொரு விஷயம். நோய் வந்தவர்களில் நூற்றுக்கு 88 பேருக்கு அது மனச்சோர்வாகத்தான் தொடங்கியது. பைபோலார் என்றதும் விடிய விடியப் பேசுவதும் கடன் வாங்கிச் செலவழிப்பதும்தான் நமக்கு ஞாபகம் வரும். பிள்ளைகளிடம் அதெல்லாம் முதலில் வருவது அபூர்வம். கனடாவில் ஆன் டஃபி என்ற ஆய்வாளரின் குழுவினர் கண்டதும் ஏறக்குறைய இதுதான்: சின்ன வயதில் தூக்கக் கோளாறு, பதற்றம், பதின்வயதில் மனச்சோர்வு, மேனியா வந்தால் அதற்கும் அப்புறம். எல்லாப் பிள்ளைகளும் கடைசிவரை போவதில்லை.

உங்கள் மகளின் தூக்கமின்மை பொதுத்தேர்வு பயமாகவும் இருக்கலாம், மனச்சோர்வாகவும் இருக்கலாம். அதை நானோ மாமியாரோ சொல்ல முடியாது, மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். போனதும் அப்பாவின் நோயைச் சொல்லுங்கள், லித்தியம் அவருக்குக் கேட்கிறது என்பதையும் சேர்த்து. நாளைக்குக் கல்யாணம் ஆகவேண்டிய பெண் என்று நம் வீடுகளில் டாக்டரிடமே இதை மறைத்துவிடுகிறார்கள். எனக்கு ஆறாத வருத்தம் இது. பைபோலார் சாய்வு உள்ள பிள்ளைக்கு வெறும் மனச்சோர்வு மாத்திரை மட்டும் கொடுத்தால், சிலருக்கு அதுவே மேனியாவைக் கிளப்பிவிடும். குடும்ப வரலாறு தெரிந்தால் டாக்டர் பார்த்துக் கொடுப்பார், அடிக்கடி வரச் சொல்லிக் கவனிப்பார்.

அப்புறம், மகளிடம் சொல்லிவிடுங்கள். லித்தியம் அளவு பார்க்க அப்பா அடிக்கடி ரத்தம் கொடுத்துவிட்டு, கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு வருகிறார். சத்து மாத்திரைக்கு எதற்கு ரத்தப் பரிசோதனை என்று பதினைந்து வயதுப் பெண் யோசிக்காமலா இருப்பாள்? அவரே சொல்லட்டும். மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிற அப்பா வாயால் கேட்டால் அவளுக்குப் பயம் பாதியாகும்.

டாக்டரைப் பார்க்கும்வரை படுக்கிற நேரம், எழுகிற நேரம் இரண்டும் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ராத்திரி போன் உங்கள் அறையில் இருக்கட்டும். செத்துப்போகலாம் போலிருக்கிறது என்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்தாலும் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே கூட்டிப் போங்கள். 14416, டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், ராத்திரியும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

மாமியாரிடம், "அப்பனை உரிச்சு வச்சிருக்கு" என்ற பேச்சு அவள் காதில் இனி விழக்கூடாது என்று உங்கள் கணவரையே சொல்லச் சொல்லுங்கள்.